மெல்லச் செல்லும் காரின் அபாயம்

இலையுதிர் காலம் பிறந்து, பள்ளி மைதானங்களில் அமெரிக்கக் கால்பந்துப் பந்தயங்கள் ஆரம்பமானதும், அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சிற்றூர்களில் ஆண்டுதோறும் ஒரு வைபவம் நடைபெறுகிறது. பழைய மாணவர்களை ஊருக்குத் திரும்ப அழைத்து உபசரிக்கும் ‘ஹோம்கமிங்’ வாரத்தின் ஊர்வலம் அது. முன்னால் கொடி, அடுத்துப் பாண்டு வாத்தியக் கோஷ்டி, பிறகு தீயணைப்பு வண்டி, அலங்கார மேடைகளைச் சுமந்த டிரெய்லர்கள், சில ஊர்களில் குதிரைப் படை. இவற்றின் நடுவே, கூரையை மடித்துப் பின்னால் அடக்கிவிட்ட திறந்த கார்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஊர்ந்து வரும். அந்தக் கார்களின் பின் ஆசனத்தில் பெரும்பாலும் ஒருவரும் உட்கார்ந்திருக்கமாட்டார். ஆசனத்தின் முதுகுச் சாய்வுக்கும் பின்னால், டிக்கி மூடி தொடங்கும் மேட்டின் மீது, பட்டாடையும் தோளின் குறுக்கே நாடாவும் தலையில் சிறு கிரீடமும் தரித்த பதினாறு பதினேழு வயதுப் பெண்ணொருத்தி அமர்ந்து, பாதங்களை ஆசனத்தின் மீது ஊன்றி, வீதியின் இரு மருங்கிலும் நிற்கும் ஜனங்களுக்குக் கை அசைத்துக்கொண்டு வருவாள்.

ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலத்தில் அதே இடத்தில் நகர மேயர் அமர்ந்திருப்பார். யுத்த வீரர் தினத்தில் பதக்கங்கள் அணிந்த முதியவர் அமர்ந்திருப்பார். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்பு அங்கியும் வெண்தாடியுமாக ஒருவர் அமர்ந்திருப்பார். நான் இந்தக் காட்சியில் குற்றம் காண்பவன் அல்லன். ஒரு சிற்றூர் தன் பிள்ளைகளையும் பெரியோர்களையும் வருஷத்துக்கு ஒரு முறை உயரத்தில் ஏற்றி வைத்து, கண் நிறையக் கண்டு களிப்பதைவிட நல்ல பழக்கம் வேறு என்ன இருக்க முடியும்? ஆனால் அவர்களை ஏற்றி வைக்கும் இடம் உட்காருவதற்கென்று செய்யப்பட்ட இடமே அன்று என்பதையும், முதுகுக்குச் சாய்வோ, இடுப்புக்குப் பெல்ட்டோ, கைக்குப் பிடியோ இல்லாத வழவழப்பான இரும்புத் தகடு அது என்பதையும், அந்த உற்சாகத்தின் நடுவே யாரும் நினைத்துப் பார்ப்பதில்லை. கேட்டால், “கார் நடை வேகத்தில்தானே போகிறது!” என்ற விடைதான் கிடைக்கும். அந்த விடை தவறானது என்பதே இக்கட்டுரையின் விஷயம்.

அமெரிக்காவில் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் பிள்ளைகளும் அதே பள்ளிகளில் படிக்கிறார்கள். அந்த ஊர்வலங்களில் அவர்களுக்கும் இடம் உண்டு. ஆகையால் தமிழ் வாசகர்களுக்கு இது முற்றிலும் அயலார் வீட்டுச் சமாசாரம் அன்று.

ஆசனத்தை உயர்த்துவதா, ஆளை உயர்த்துவதா?

கௌரவ விருந்தினரைத் திறந்த வாகனத்தில் அழைத்துச் செல்லும் வழக்கம் மோட்டார் காருக்கு முந்தியது. குதிரை வண்டிகளின் காலத்திலேயே அது நிலைபெற்றுவிட்டது. 1921-இல் வாரன் ஹார்டிங் தம் பதவியேற்பு வைபவத்துக்கு மோட்டாரில் சென்றபோது, அவ்விதம் சென்ற முதல் அமெரிக்க ஜனாதிபதி அவரே ஆனார். அட்லாண்டிக் சமுத்திரத்தைத் தனியே விமானத்தில் கடந்த சார்லஸ் லிண்ட்பெர்க்கை 1927 ஜூன் 13-இல் நியூயார்க் நகரம் காகிதத் துண்டுகளை மழையாகப் பொழிந்து வரவேற்றதும், 1951-இல் ஜெனரல் மக்ஆர்தருக்கும், 1962-இல் விண்வெளி வீரர் ஜான் கிளெனுக்கும் அதே நகரம் அதே விதமான மரியாதை செய்ததும், திறந்த கார்களில்தான். சந்திரனில் கால் வைத்துத் திரும்பிய ஆர்ம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும், அவர்களுக்காகச் சந்திரனைச் சுற்றி வந்து காத்திருந்த காலின்ஸும், 1969 ஆகஸ்ட் 13 அன்று ஒரே நாளில் நியூயார்க், சிகாகோ, லாஸ் ஏஞ்சலஸ் ஆகிய மூன்று நகரங்களின் உபசாரத்தைப் பெற்றார்கள்.

இந்த ஊர்வலங்கள் எல்லாவற்றிலும் ஒரே சங்கடம் இருந்தது. நடைபாதையில் ஐந்தாறு வரிசையாக நெருக்கி நிற்கும் ஜனங்களில், பின்வரிசையில் நிற்பவருக்கு, கார் ஆசனத்தில் முறைப்படி அமர்ந்திருக்கும் மனிதரின் தொப்பிகூடத் தெரியாது. பார்க்க வந்தவர்கள் பார்க்காமல் போவதானால் ஊர்வலம் எதற்கு? அதனால் விருந்தினரை ஆசனத்திலிருந்து எழுப்பி, அதன் பின்மேட்டில் உட்கார வைக்கும் பழக்கம் தானாகவே உண்டாயிற்று. 1933 பிப்ரவரி 15-ஆம் தேதி மயாமி நகரத்துப் பூங்காவில், ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு இன்னும் பதவி ஏற்காதிருந்த பிராங்க்ளின் ரூஸ்வெல்ட், இளம்பிள்ளை வாதத்தால் கால்கள் செயலிழந்த நிலையிலும், காரின் பின்மேட்டில் ஏறி அமர்ந்துதான் ஜனங்களிடம் பேசினார். பேசி முடித்து ஆசனத்துக்குள் இறங்கிய பிறகே துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அவர் தப்பினார்; அருகே நின்ற சிகாகோ மேயர் செர்மாக் குண்டடி பட்டு, மார்ச் 6-இல் உயிர் துறந்தார்.

இந்தச் சங்கடத்துக்குப் பொறியியல் வல்லுநர்கள் கண்ட பரிகாரம் ஒன்று உண்டு. ஜனாதிபதி கென்னடிக்காக, 1961-ஆம் வருஷத்து லிங்கன் கான்டினென்டல் கார் ஒன்றை சின்சினாட்டியில் உள்ள ஹெஸ் அண்ட் ஐஸன்ஹார்ட் பட்டறையில் நடுவே வெட்டி, மூன்றரை அடி நீளத்தைக் கூட்டி அமைத்தார்கள். அதன் பின் ஆசனத்தை, திரவ அழுத்த யந்திரத்தின் உதவியால், சுமார் பத்தரை அங்குலம் உயர்த்தலாம். அதாவது, ஆளை ஆசனத்திலிருந்து எழுப்பி மேட்டில் ஏற்றுவதற்குப் பதிலாக, ஆளோடு ஆசனத்தையே உயர்த்தினார்கள். முதுகுச் சாய்வு முதுகோடு இருந்தது. மனிதர் கண்ணுக்கும் தெரிந்தார். எந்த ஊர்வலக் காருக்கும் இதுவே சரியான தத்துவம் என்பது என் அபிப்பிராயம். ஆனால் ஒரு சிற்றூர்ப் பள்ளியின் விழாக் குழுவினருக்கு அப்படிப்பட்ட கார் எங்கிருந்து கிடைக்கும்? கிடைப்பது, யாரோ ஒருவர் பிரியமாக வளர்த்து வைத்திருக்கும் பழைய மஸ்டாங்கோ, கேடிலாக்கோதான்.

டல்லஸ் நகரில் 1963 நவம்பர் 22-இல் அந்த லிங்கன் காருக்கு நேர்ந்ததை உலகம் அறியும். மழை விட்டுவிட்டபடியால், அதற்கென இருந்த கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் கூரையை அன்று மாட்டவில்லை. மாட்டியிருந்தாலும் அது குண்டு துளைக்காத கூரை அன்று. அந்தத் துயரத்தில், என் விஷயத்தோடு நேரே சம்பந்தப்பட்ட ஒரு கணம் உண்டு. கணவர் சுடப்பட்டதும் ஜாக்குலின் கென்னடி ஆசனத்தை விட்டு எழுந்து டிக்கி மூடியின் மீது ஏறினார். பின்னால் வந்த காரிலிருந்து குதித்து ஓடிவந்த மெய்க்காவலர் கிளின்ட் ஹில், டிக்கியில் பொருத்தப்பட்டிருந்த கைப்பிடியைப் பற்றிய அதே சமயத்தில் கார் திடீரென்று வேகம் எடுக்கவே, அவருடைய கால் வழுக்கிற்று. பிடியை விடாமல் ஓடி, மறுபடி ஏறி, அம்மையாரை ஆசனத்துக்குள் தள்ளினார். தேகப் பயிற்சி மிகுந்த ஒரு மெய்க்காவலரைக்கூட, வேகம் எடுக்கும் காரின் பின்மேட்டில், காப்பாற்றியது ஒரு கைப்பிடி. நம் பட்டாடைப் பெண்ணுக்கு அந்தக் கைப்பிடியும் இல்லை.

அதன் பிறகு அமெரிக்க ஜனாதிபதிகள் திறந்த காரைத் துறந்தார்கள். 1981 மே 13-இல் புனித பேதுரு சதுக்கத்தில், திறந்த பியட் வாகனத்தில் வந்த போப்பாண்டவர் இரண்டாம் ஜான் பால் சுடப்பட்ட பின்பு, போப்பாண்டவரின் பவனிக்கும் கண்ணாடிக் கூடு வந்தது. துப்பாக்கியைத் தடுப்பது போலீஸாரின் வேலை. சிற்றூர் ஊர்வலத்தின் அபாயம் அதைவிட எளியது. எளியது என்பதாலேயே அசட்டை செய்யப்படுகிறது.

விழுவது எப்படி நிகழ்கிறது?

காரின் பின்மேட்டில் அமர்ந்திருக்கும் ஒருவருக்கு மூன்று விதமான அசைவுகள் நேரலாம். கார் சட்டென்று நின்றால் உடல் முன்னால் சாயும். முன்னால் இருப்பது பஞ்சு வைத்த ஆசனமும் கால் வைக்கும் பள்ளமுமாகையால், முழங்காலிலோ முகத்திலோ காயம் படலாமே தவிர, பெரும்பாலும் காருக்குள்ளேயே விழுவார். திருப்பத்தில் கார் வளைந்தால் உடல் வெளிப்பக்கம் தள்ளப்படும். அங்கே கதவின் விளிம்பு அவர் அமர்ந்திருக்கும் மட்டத்துக்கு மேல் எழாது என்பதால், தடுக்க ஒன்றும் இல்லை. மூன்றாவது, நின்றிருந்த கார் சட்டென்று புறப்படுவது. இதுதான் எல்லாவற்றிலும் கொடியது. கார் முன்னே நகர, உடல் இருந்த இடத்திலேயே இருக்க முயன்று பின்புறம் சாய்கிறது. பின்புறத்தில் இருப்பது மெழுகு பூசிப் பளபளப்பாகத் துடைத்து வைத்த சரிவு. அதற்கும் அப்பால் தார்ச் சாலை. கால்கள் மேலே எழும்பிவிட, முதலில் தரையைத் தொடுவது பின்மண்டையாக இருக்கும்.

பின்மேட்டில் அமர்ந்த ஒருவருடைய தலை தரையிலிருந்து ஏறக்குறைய ஆறு அடி உயரத்தில் இருக்கும். ஆறு அடி உயரத்திலிருந்து விழும் எந்தப் பொருளும், தரையை அடையும்போது மணிக்கு 20 கிலோமீட்டருக்கு மேற்பட்ட வேகத்தைப் பெற்றுவிடுகிறது. காரின் வேகம் மணிக்கு 4 கிலோமீட்டராக இருந்தால் என்ன, காரே நின்றுகொண்டிருந்தால் என்ன, மண்டையைத் தாக்குவது அந்த வீழ்ச்சியின் வேகம்தான். “நடை வேகத்தில்தானே போகிறது” என்ற விடை பொய்த்துப் போவது இந்த இடத்தில். காரின் வேகத்தில் அபாயம் இல்லை. வேகம் மாறும் அந்த அரைக் கணத்தில் இருக்கிறது. ஊர்வலத்திலோ, கார் சீராக ஓடும் நேரம் சொற்பம். முன்னால் செல்லும் பாண்டுக் கோஷ்டி நின்று ஒரு பாட்டை வாசித்து முடிக்கும் ஒவ்வொரு தடவையும், பின்னால் வரும் கார்கள் எல்லாம் நின்று நின்று புறப்பட வேண்டும். நெடுஞ்சாலையில் நூறு மைல் ஓடும் காரைவிட, ஒரு மைல் ஊர்வலத்தில் ஊரும் கார் அதிகத் தடவை புறப்படுகிறது என்று சொன்னால் மிகையாகாது.

விழுந்தவருக்கு அடுத்த அபாயம், பின்னால் வரும் வாகனம். அழகாகத் தெரிவதற்காகக் கார்களை நெருக்கி ஓட்டும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. ஒரு காருக்கும் அடுத்ததற்கும் நடுவே, விழுந்த ஒருவரைக் கண்டு, மனம் பதறி, பிரேக்கை மிதித்து, கார் நிற்பதற்குப் போதிய இடம் வேண்டாமா? மூன்று நான்கு கார் நீளத்துக்குக் குறையாமல் இடைவெளி விடவேண்டும் என்பது குழுவினர் விதிக்க வேண்டிய முதல் நியதி.

சாரதியின் பொறுப்பு

இவ்வளவும் சாரதியின் பாதத்தில் அடங்கியிருக்கிறது. ஆட்டோமாட்டிக் கியர் உள்ள காரில், ஆக்ஸிலரேட்டரைத் தொடாமல், பிரேக்கை மெள்ள மெள்ள விடுவதாலேயே கார் தானாக நகரத் தொடங்கும். அந்த நகர்வே ஊர்வலத்துக்குப் போதுமானது. கிளச் உள்ள பழைய காரிலோ, ஒவ்வொரு புறப்பாடும் ஒரு பரீட்சை. தினசரி அந்தக் காரை ஓட்டிப் பழகியவர்தான் அதைக் குலுங்காமல் கிளப்ப முடியும். காரின் சொந்தக்காரர் கடைசி நேரத்தில் வர இயலாமல், அந்த வண்டியைத் தொட்டே பார்த்திராத வேறொருவரிடம் சாவியைக் கொடுத்து அனுப்பும் உபகாரத்தைக் குழுவினர் வந்தனத்தோடு மறுத்துவிட வேண்டும்.

சாரதிக்கு இன்னொரு சிரமம்: உள்ளிருக்கும் கண்ணாடியில் பார்த்தால், பின்மேட்டில் இருப்பவரின் முழங்கால்களும் ஆடையின் மடிப்பும்தான் தெரியும், முகம் தெரியாது, அவர் பிடித்துக்கொண்டிருக்கிறாரா என்பதும் தெரியாது. ஆகவே முன் ஆசனத்தில் சாரதிக்குப் பக்கத்தில் இன்னொருவர், பின்புறம் திரும்பியபடி, வேறு எந்தக் காரியமும் இல்லாமல் அமர்ந்திருக்க வேண்டும். “நிற்கிறோம்”, “புறப்படுகிறோம்” என்று ஒவ்வொரு தடவையும் உரக்கச் சொல்வதும், பின்னால் உள்ளவர் தலையசைத்த பிறகே சாரதிக்குக் குறிப்புக் காட்டுவதும் அவருடைய கடமை. பாண்டு வாத்தியத்தின் பெருமுழக்கத்தில் இதைவிட நம்பத் தகுந்த ஏற்பாடு எனக்குத் தெரியவில்லை.

சாரதிக்கு வழி தெரிந்திருக்க வேண்டும் என்பது சொல்லவும் வேண்டாத விஷயமாகத் தோன்றும். ஆனால் சரித்திரத்திலேயே மிகப் பிரசித்தமான திறந்த கார்ப் பவனி, வழி சொல்லப்படாத ஒரு சாரதியின் கையில்தான் முடிந்தது. 1914 ஜூன் 28-இல், ஆஸ்திரிய இளவரசர் பிரான்ஸ் பெர்டினாண்டும் மனைவி சோபியும் சாரயேவோ நகரில் கிராஃப் உண்ட் ஸ்டிஃப்ட் என்ற திறந்த காரில் சென்றார்கள். காலையில் வீசப்பட்ட வெடிகுண்டு, காரின் மடித்த கூரையில் பட்டுத் தெறித்து, அடுத்த காரின் பக்கத்தில் வெடித்துச் சிலரைக் காயப்படுத்திற்று. நகர மண்டபத்து உபசாரம் முடிந்ததும், காயமடைந்தவரை ஆஸ்பத்திரியில் பார்க்க வேண்டும் என்று இளவரசர் விரும்பவே, ஆற்றங்கரைச் சாலையிலேயே நேராகச் செல்வதென்று வழியை மாற்றித் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானம் பெரிய மனிதர்களுக்குள்ளேயே நின்றுவிட்டது. வண்டியை ஓட்டிய லியோபோல்ட் லோய்காவின் காதுக்கு எட்டவில்லை. முன்சென்ற காரைத் தொடர்ந்து, பழைய திட்டப்படியே, லத்தீன் பாலத்துக்கு எதிரே வலப்பக்கத் தெருவில் அவர் திரும்பினார். “இது வழி அன்று” என்று உள்ளிருந்த கவர்னர் கூவினார். காரை நிறுத்திப் பின்னால் எடுக்க முயன்ற அந்தக் கணத்தில், சில அடி தூரத்தில் நின்றிருந்தவன், அவ்விருவரையும் சுட்டுக்கொன்ற கவ்ரிலோ பிரின்ஸிப். காரின் சொந்தக்காரரான ஹராக் பிரபு, இளவரசரைத் தம் உடலால் மறைப்பதற்காக இடப்பக்கப் படியில் நின்றுகொண்டு வந்தார். குண்டுகள் வந்தது வலப்பக்கத்திலிருந்து. உயிரையே கொடுக்கத் தயாராக இருந்தவர் ஒருவர் காரின் படியில் நின்றும், சாரதியிடம் ஒரு வார்த்தை சொல்ல ஆள் இல்லாமற் போயிற்று. அந்தக் கார் இன்றும் வியன்னாவின் ராணுவ மியூசியத்தில் நிற்கிறது.

ஓர் ஊர்வலத்தில் சாரதியே முதல் அதிகாரி என்று நான் கருதுவது இதனால்தான். வழியில் என்ன மாறினாலும் முதலில் அறிய வேண்டியவர் அவர்.

வழியைப் பற்றிய இன்னொரு பாடம், மிகவும் துக்ககரமானது, டெக்ஸாஸ் மாநிலத்து மிட்லண்ட் நகரில் கிடைத்தது. 2012 நவம்பர் 15-இல், யுத்தத்தில் காயமடைந்த வீரர்களைக் கௌரவிக்கும் ஊர்வலத்தில், அவ்வீரர்களையும் அவர்களுடைய மனைவியரையும் ஏற்றிய திறந்த டிரெய்லர் ஒன்று ரயில் பாதையைக் கடந்தபோது, மணிக்கு 62 மைல் வேகத்தில் வந்த சரக்கு ரயில் அதன் மீது மோதிற்று. போர்க்களத்திலிருந்து உயிரோடு திரும்பிய நால்வர் தங்கள் நாட்டு வீதியில் மாண்டார்கள். வேறு பலர் காயமடைந்தார்கள். டிரெய்லர் பாதையில் ஏறுவதற்கு முன்பே எச்சரிக்கை விளக்குகள் எரியத் தொடங்கிவிட்டன என்பதை மத்திய போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் விசாரணை வெளிப்படுத்திற்று. ஊர்வலத்துக்குப் போலீஸார் காவலாக வந்தார்கள். சிவப்பு விளக்குகளைக் கடந்து செல்லலாம் என்ற சலுகையும் வழியெங்கும் இருந்தது. அந்தச் சலுகை ரயிலுக்குப் பொருந்தாது என்பதை முன்கூட்டி யோசித்து, ரயில்வேக்காரர்களிடம் ஒரு வார்த்தை கேட்டு வைக்க யாரும் இல்லை.

பழைய கார்களின் சுபாவம்

ஊர்வலக் கார்கள் ஏன் பெரும்பாலும் பழையவையாகவே இருக்கின்றன என்பதற்குக் காரணம் உண்டு. 1960-களின் பிற்பகுதியிலிருந்து அமெரிக்காவில் திறந்த கார்களின் விற்பனை தேய்ந்துகொண்டே வந்து, 1976 ஏப்ரலில் கேடிலாக் எல்டொராடோவின் கடைசிக் கார் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபோது, இனி அமெரிக்கத் திறந்த காரே கிடையாது என்று அறிவித்தார்கள். 1982-இல் கிறைஸ்லர் கம்பெனி லெபாரன் காரின் மூலம் அதை மீட்டது. ஆறு பேர் தாராளமாக அமரக்கூடிய, நீண்ட பின்மேடு உள்ள பெரிய திறந்த கார்கள் அந்தப் பழைய காலத்தோடு போய்விட்டன. அவற்றைப் பேணி வைத்திருப்போரின் சங்கங்களைத்தான் விழாக் குழுவினர் நாடுகிறார்கள்.

அந்தக் கார்கள் அழகானவை. ஆனால் நெடுஞ்சாலையில் ஓடப் பிறந்தவை. பாஸடீனா நகரில் 1890 முதல் ஜனவரியில் நடைபெற்றுவரும் ரோஜா ஊர்வலம், ஐந்தரை மைல் தூரத்தை மணிக்கு இரண்டரை மைல் வேகத்தில் கடக்கிறது. இரண்டு மணி நேரத்துக்கு மேல் அந்த யந்திரங்கள் காற்றோட்டம் இன்றிக் கொதிக்க வேண்டும். ஓடும் காரின் ரேடியேட்டரைக் குளிர்விப்பது எதிர்க்காற்று; ஊரும் காருக்கு அது கிடைப்பதில்லை. எரிபொருள் குழாயில் பெட்ரோல் ஆவியாகி அடைத்துக்கொள்ள, யந்திரம் விக்கி விக்கி, சட்டென்று ஒரு துள்ளல் துள்ளி நின்றுவிடும். அந்தத் துள்ளல்தான் பின்மேட்டில் இருப்பவருக்கு யமன். நிற்கும்போதெல்லாம் நியூட்ரலில் போட்டு யந்திரத்தைச் சற்று வேகமாகச் சுழல விடுவதும், குளிர்சாதனத்தை அணைத்துவிட்டு, உள்ளே உஷ்ணம் தரும் ஹீட்டரைத் திறந்து வைப்பதும் அனுபவசாலிகள் கையாளும் உபாயங்கள். உஷ்ண முள் ஏறிவிட்டால், வெட்கப்படாமல் விருந்தினரை இறக்கிவிட்டு, பக்கத்துத் தெருவில் ஒதுங்கிவிட வேண்டும்.

1968-ஆம் வருஷத்திலிருந்துதான் புதுக் கார்களில் ஆசன பெல்ட்டுகளை மத்திய அரசாங்கம் கட்டாயமாக்கிற்று. அதற்கு முந்திய கார்கள் பலவற்றில் பின் ஆசனத்தில் பெல்ட்டே இராது. இருப்பவற்றிலும், பின்மேட்டில் ஏறியவருக்கு அது எட்டுவதில்லை. புதிய திறந்த கார்களோ வேறு விதமான சங்கடம். இரும்புக் கூரையே மடிந்து டிக்கிக்குள் அடங்கும் வகைக் கார்களில், நாம் மேடு என்று எண்ணி உட்காருவது உண்மையில் கூரையை மூடும் மெல்லிய பலகை. அதன் மீது ஒருவர் உட்கார்ந்தால் அது வளைந்துவிடும், ஆளும் சரிவார். அவ்வகைக் கார்களில் பின்மேட்டில் யாரையும் ஏற்றவே கூடாது.

ஏற்றியே தீருவது என்றால், அதற்கும் முறை உண்டு. மெழுகுத் தகட்டின் மீது பட்டாடை, பனிக்கட்டியின் மீது வைத்ததற்குச் சமானம். அடிப்புறம் ரப்பர் ஒட்டிய கனமான விரிப்பை முதலில் போட வேண்டும். டிக்கியின் நடுப்பகுதியில் அல்லாமல், முதுகுச் சாய்வின் விளிம்புக்கு ஒட்டினாற்போல முன்னால் நெருங்கி அமர வேண்டும். உயர்ந்த குதிகால் செருப்பைக் கழற்றிவிட்டு, இரு பாதங்களும் ஆசனத்தில் முழுமையாகப் படியும்படி ஊன்ற வேண்டும். ஒரு கை அசைப்பதற்கு, மற்றக் கை பிடிப்பதற்கு. ஆதலால் பூச்செண்டைக் கையில் கொடுக்கலாகாது. மூவருக்கு மேடு போதாது, இருவரே உத்தமம். குழந்தைகளுக்கு அந்த இடம் எக்காரணத்தாலும் உரியதன்று. அவர்கள் ஆசனத்தில், தங்கள் வயதுக்கு உரிய பெல்ட்டோடு அமரட்டும். இதைப் பற்றிய சட்டம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுவதால், குழுவினர் உள்ளூர்ப் போலீஸாரிடமும் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடமும் முன்னதாகவே விசாரித்து எழுத்தில் பெற்றுக்கொள்வது அவசியம்.

இவ்வளவும் மிகையான பயம் என்று நினைப்பவர்கள் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தைப் பார்க்கலாம். மார்டி கிரா உற்சவத்தில் அலங்கார மேடைகளில் ஏறுவோர் யாவரும் உடலைப் பிணைக்கும் பாதுகாப்பு வார் அணிந்தே தீரவேண்டும் என்பது அங்கே சட்டம். 2020-இல், இணைத்து ஓட்டப்பட்ட மேடை வண்டிகளின் அடியில் சிக்கி இருவர் மாண்ட பிறகு, அவ்வருஷத்து உற்சவத்தின் எஞ்சிய நாட்களில் அப்படி இணைத்து ஓட்டுவதையே அந்நகரம் தடை செய்தது. உயர்ந்த கைப்பிடிச் சுவர் உள்ள மேடையில் நிற்பவருக்கே வார் வேண்டுமென்றால், ஒரு சுவரும் இல்லாத டிக்கியில் அமர்பவருக்கு ஒன்றும் வேண்டாம் என்பது எந்த நியாயம்? நம் கோயில்களில், உற்சவமூர்த்தியைக் கயிற்றால் வாகனத்தோடு இறுகப் பிணைக்காமல் வீதிக்கு எழுந்தருளப் பண்ணுவதில்லை. தேர்ச் சக்கரத்தின் பக்கத்தில் முட்டுக்கட்டையோடு ஆள் நடக்காமல் தேர் நகர்வதில்லை. அந்தப் பிணைப்பாலும் காவலாலும் மூர்த்தியின் கௌரவம் எள்ளளவும் குறைந்ததாக யாரும் எண்ணியதில்லை.

சக்கரத்தின் பக்கத்தில் ஆள் நடப்பது அமெரிக்க ஊர்களிலும் சில இடங்களில் வழக்கத்துக்கு வந்திருக்கிறது. எல்லா இடங்களிலும் வரவேண்டும். காரிலிருந்து மிட்டாய்களை வாரி வீசும் வழக்கத்தால், குழந்தைகள் அவற்றைப் பொறுக்கச் சக்கரத்தடிக்கே ஓடிவருகிறார்கள். பல நகரங்கள் அதைத் தடுத்து, ஓரமாக நடப்பவர்கள் மட்டும் கையில் கொடுக்கலாம் என்று விதித்திருக்கின்றன. குதிரைகளையும் பழைய கார்களையும் அடுத்தடுத்து நிறுத்தலாகாது. பழைய யந்திரத்தின் புகைக்குழாயில் எழும் ஒரு வெடிச் சத்தமே குதிரையைக் கலைக்கப் போதும்.

கடைசியாக, ஊர்வலம் கலைந்த பிறகுள்ள அரை மணி நேரம். வாத்தியம் ஓய்ந்துவிட்டது; வீதித் தடைகள் நீங்கிவிட்டன; சாரதி களைத்திருக்கிறார்; பின்மேட்டில் உள்ளவர்கள் இறங்க மனமின்றிச் சிரித்துப் பேசிக்கொண்டே, பள்ளி வரையில் அப்படியே போகலாம் என்கிறார்கள். சாரதியின் கால் தன்னை அறியாமல் சாதாரண வேகத்துக்கு அழுத்துகிறது. ஊர்வலத்தின் முடிவுக் கோட்டில் காரை நிறுத்தி, எல்லோரையும் ஆசனத்தில் அமர்த்தி, பெல்ட்டைப் பூட்டிய பிறகே காரை எடுப்பேன் என்று சாரதி முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். இதில் தாட்சணியத்துக்கு இடமே இல்லை.

அமெரிக்காவில் வாழும் தமிழ்ப் பெற்றோர்களுக்கு என் வேண்டுகோள் இது. உங்கள் மகளையோ மகனையோ திறந்த காரில் ஊர்வலம் வர அழைத்தால், மனம் மகிழ்ந்து அனுப்புங்கள். ஆனால் காரை ஓட்டுபவர் யார், அது அவர் பழகிய கார்தானா, முன் ஆசனத்தில் பின்னால் பார்த்துக்கொண்டு வருபவர் யார், வழியில் ரயில் பாதை உண்டா, திரும்பி வரும்போது எங்கே உட்காருவார்கள் என்பவற்றை முதல் நாளே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திருப்தியான பதில் கிடைக்காவிட்டால், பிள்ளையைப் பின் ஆசனத்தில் உட்கார வைத்து, பெல்ட்டை நீங்களே பூட்டிவிடுங்கள்.